வேதநாயகிக்கு லோன் கிடைக்காத காரணம்

கான்கிரீட் ஓடுகிற நாளில் வேதநாயகியிடம் யாரும் காகிதம் நீட்ட மாட்டார்கள். நீட்டினால் அது ஜல்லியோடு ஜல்லியாக மிக்சருக்குள் போய்விடும். ஆனாலும் அந்த வியாழக்கிழமை, கோரமங்கலாவில் மூன்றாவது மாடிக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தபோது, அவள் புருஷன் சந்திரன் ஒரு கவரைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏணியில் ஏறி வந்தான்.

"இன்னா அது?"

"லோனு."

"வந்துடுச்சா?"

"லெட்டரு வந்துடுச்சு."

வேதநாயகி கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தாள். நாற்பத்தாறு வயது. செங்கத்திலிருந்து வந்து இருபது வருடம் சித்தாளாகச் சிமெண்டு சுமந்தவள், இப்போது பதினெட்டுப் பேர் கொண்ட கான்கிரீட் கேங்குக்கு மேஸ்திரி. பொம்பளை மேஸ்திரியா என்று ஆச்சரியப்படுகிறவர்கள் முதல் மணி நேரத்திலேயே அதை நிறுத்திவிடுவார்கள். அவள் போடுகிற சத்தத்தில் அதற்கெல்லாம் நேரம் கிடைக்காது.

"படி."

சந்திரன் ஒன்பதாவது வரை படித்தவன். இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டி, இரண்டு முறை தொண்டையைச் செருமி, சுருக்கமாகச் சொன்னான். "இல்லையாம். நமக்கு வருமானம் போதலையாம்."

பதினெட்டுப் பேரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"இந்தப் பதினெட்டுப் பேருக்கும் கூலி யாரு குடுக்கறது? அவங்க அப்பனா? எனக்கா வருமானம் போதல?" என்றவள், ஆட்கள் நிற்பதைக் கண்டு அவர்கள் மேல் பாய்ந்தாள். "வேடிக்கை இன்னா? மாலு இறுகுது, தூக்குங்கடா!"

அவள் லோன் கேட்டது இந்த மிக்சரைப் போல ஒன்று வாங்கத்தான். பெங்களூரில் நல்ல நாள் பார்க்காமல் எவனும் கூரை போட மாட்டான். எல்லோருக்கும் ஒரே பஞ்சாங்கம், அதனால் எல்லோருக்கும் ஒரே நாள். அந்த நாளில் ஊரிலுள்ள வாடகை மிக்சர்களெல்லாம் மாப்பிள்ளை முறுக்கு காட்டும். வாடகை இரட்டிப்பாகும். பேசி வைத்த மிக்சர்க்காரன் காலையில் போனை எடுக்க மாட்டான். ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்குக் கூலி மட்டும் ஓடும். சொந்த மிக்சர் இல்லாத மேஸ்திரி பாதி மேஸ்திரிதான்.

அடுகோடியில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் கிளிஃபர்ட்டிடம், கலவையை மாடிக்கு ஏற்றுகிற லிஃப்டோடு ஒரு பழைய மிக்சர் இருந்தது. புது பெயிண்ட் அடித்து, மாலை போட்டு நிறுத்தியிருந்தார். இரண்டரை லட்சம் என்றார். "ஆடி முடியறதுக்குள்ள எடுத்துக்கோ வேதாம்மா. ஆவணி பொறந்தா வேலை சூடு பிடிச்சிடும், ஓசூர்க்காரன் ஒருத்தன் அதுமேலயே கண்ணா இருக்கான். அப்புறம் என்னைத் திட்டாதே" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

அதற்காகத்தான் அடுகோடி மெயின் ரோட்டு ஃபைனான்ஸ் கம்பெனியில் மனு கொடுத்தாள். அங்கே கவுண்டரில் இருந்த ஆஞ்சலா மேடம் போட்டோ, ஆதார், கையெழுத்து எல்லாம் வாங்கிக்கொண்டு, "விசாரிக்க எங்க ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் வருவார்மா" என்று அனுப்பினாள். ஆபீசிலிருந்து வருகிறவர் என்றால் ஜீப்பில் வருவார், வாசலில் நின்று ஹாரன் அடிப்பார் என்று வேதநாயகி நினைத்தாள். ஈஜிபுராவில் தன் ஒற்றை அறை வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். புதுப் பாய் வாங்கினாள். வருகிறவருக்கென்று முந்திரி பிஸ்கட் ஒரு பாக்கெட் வாங்கி, எறும்பு ஏறாமல் அரிசி டப்பாவுக்குள் வைத்தாள். பத்து நாள் ஆகியும் ஜீப் வரவில்லை. அப்புறம்தான் இந்தக் கடிதம் வந்தது. பிஸ்கட்டைச் சந்திரன் தின்றுவிட்டான்.

அழுதுகொண்டு உட்காருகிற ஜாதி இல்லை வேதநாயகி. வருமானம் போதவில்லை என்றால் வருமானத்தைக் காட்டிவிட்டுப் போகிறாள். இரண்டு வாரம் அலைந்தாள். பாஸ்புக்கில் பதிவு போட்டாள். ஈஜிபுரா மெயின் ரோட்டில் இருக்கும் ஆடிட்டரிடம் போய், வாழ்நாளில் முதல் முறையாக வருமான வரிக் கணக்குக் காட்டினாள். அவர் கேட்ட பீஸைக் கொடுக்கும்போது, இந்தக் காசுக்கு நாலு மூட்டை சிமெண்டு வாங்கலாமே என்று அவருக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள். அஞ்சு இன்ஜினியர்களிடம் கூலி வாங்கியதற்குக் கையெழுத்து வாங்கினாள். ஒருவர் நாளைக்கு வா என்று மூன்று நாள் இழுத்தார். நாலாவது நாள் அவருடைய காருக்கு முன்னால் ஜல்லி லோடு கொட்டிவிட்டு நின்றாள். கையெழுத்து கிடைத்தது. இந்த அலைச்சலில் கூரை போடுகிற வேலை, இரண்டு மோல்டு, கை நழுவிப் போனது.

மறுபடியும் மனு போட்டாள். மறுபடியும் பாய் விரித்தாள். பிஸ்கட்டும் வாங்கினாள், இந்த முறை சந்திரனுக்குத் தெரியாமல் துவரம்பருப்புக்குள்.

ஆடி பதினெட்டு கழிந்து மூன்றாம் நாள் இரண்டாவது கடிதம் வந்தது.

சந்திரன் படிக்க ஆரம்பிக்கும் முன்பே அவள் பழைய கடிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ஒரே அச்சில் வார்த்த இரண்டு கல்லை அடையாளம் தெரியாதா? வரிக்கு வரி, புள்ளிக்குப் புள்ளி அதே கடிதம். தேதி மட்டும் வேறு.

"மறுபடியும் வருமானமா?"

"ஆமா."

"நான் குடுத்த கட்டு இவ்ளோ கனம் இருந்துச்சே. அத எவனும் பிரிக்கவே இல்ல." முந்தானையை உதறிச் செருகினாள். "கெளம்பு."

"குளிச்சிட்டு..."

"எதுக்கு? நம்மள பொண்ணு பாக்கவா வர்றாங்க? கெளம்பு."

அன்று அவர்கள் அரை நாள் வேலை முடித்து வந்திருந்தார்கள். புடவைக்கு மேல் சந்திரனுடைய பழைய நீலச் சட்டை, தலையில் துண்டு, புருவம் வரை சிமெண்டு. அப்படியே அடுகோடிக்கு நடந்தாள். பின்னால் சந்திரன்.

கம்பெனியில் ஏசி ஓடியது. வேதநாயகி ஆஞ்சலாவின் மேஜை எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கடிதங்களையும் விரித்து வைத்தாள். ஆஞ்சலா பிரேசர் டவுனிலிருந்து ஸ்கூட்டரில் வந்து போகிறவள். முப்பது வயதுக்குள் இருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை, முகத்தில் நாள் பூராவும் இல்லை இல்லை என்று சொல்லிச் சோர்ந்த ஒரு சிரிப்பு.

"சொல்லுங்கம்மா."

"நீங்கதான் சொல்லணும். ஏன் இல்லன்னீங்க?"

"அதுலயே போட்டிருக்கே. இன்கம் போதல."

"எவ்ளோ போதல? நூறு ரூபாயா, நூறாயிரமா?"

ஆஞ்சலா கம்ப்யூட்டரைத் தட்டினாள். கட்டைப் புரட்டினாள். ஆடிட்டர் காகிதத்தைப் பார்த்தாள். பாஸ்புக்கைப் பார்த்தாள். புருவம் ஏறியது. "உங்களுக்கு இன்கம் நல்லாத்தானேம்மா இருக்கு. எனக்கே இவ்ளோ இல்ல."

"அத நீங்க லெட்டர்ல போடலியே."

"லெட்டர்ல சிஸ்டம் என்ன சொல்லுதோ அதுதான்மா வரும்."

"சிஸ்டத்துக்கு யாரு சொன்னது?"

"அது வந்து... நாங்க என்ட்ரி போடுவோம்."

"நாங்கன்னா யாரு?"

ஆஞ்சலா தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். அவள் பொய் சொல்லத் தெரியாதவள் என்று வேதநாயகிக்கு அப்போதே தெரிந்துவிட்டது. "நான்தாம்மா" என்றாள். "இங்க பாருங்க. இல்லன்னு முடிவானா, காரணம்னு ஒரு லிஸ்ட் வரும். பதினொண்ணு இருக்கு. மொதல்ல இருக்கறது இன்கம் போதல. ஒரு நாளைக்கு எனக்கு அறுபது ஃபைல். மேல இருக்கறத அமுக்கிட்டு அடுத்ததுக்குப் போயிடுவேன். இல்லங்கறது இல்லைதானே, காரணத்த யாரு படிக்கப் போறாங்கன்னு..."

"நான் படிச்சேன்."

சந்திரன் பக்கத்திலிருந்து, "நான்தான் படிச்சேன்" என்றான்.

"நீ சும்மா இரு. இங்க பாரும்மா, ஒரு கூரை நடுவுல தொங்கிடுச்சுன்னு வை. முட்டு சரியா குடுக்கல, அதான் தொங்குச்சு. ஆனா நான் இன்ஜினியருகிட்ட மணலு சரியில்லன்னு சொல்லிட்டேன். அவரு இன்னா பண்ணுவாரு? மணல மாத்துவாரு. காசு போட்டு, லாரி வெச்சி, ஊரெல்லாம் தேடி நல்ல மணலா கொண்டாந்து கொட்டுவாரு. மறுபடியும் கூரை தொங்கும். நான் ரெண்டு வாரமா மணல மாத்திக்கினு இருந்தேம்மா. ரெண்டு மோல்டு போச்சு. எனக்கு லோனு இல்லன்னா இல்லன்னு சொல்லு, நான் எழுந்து போறேன். இல்லாத ஊருக்கு வழி காட்டாத."

ஆஞ்சலாவின் காது சிவந்தது. அவள் மேஜைக்குக் கீழே குனிந்து இன்னொரு ஃபைலை எடுத்தாள். "இருங்க. நிஜமான காரணம் இதுல இருக்கும். நேர்ல விசாரிக்கப் போனவரோட ரிப்போர்ட்."

"நேர்லயா? எங்க வந்தாரு? ஒருத்தரும் வரல. நான் பிஸ்கட்டு வாங்கி வெச்சினு உக்காந்திருக்கேன்."

"ரெண்டு தடவையும் வந்திருக்கார். அக்கம்பக்கத்துல கேட்டிருக்கார்." ஆஞ்சலா மேலே இருந்த தாளைப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் குரல் இறங்கியது. பிறகு மெதுவாக, துக்க வீட்டில் பேசுகிற மாதிரி, "உங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா?" என்று கேட்டாள்.

"சந்திரன்."

"சாரிம்மா. எனக்குத் தெரியாது. ஆறு மாசம் முன்னாடி தவறிட்டாராமே."

வேதநாயகி திரும்பிச் சந்திரனைப் பார்த்தாள். சந்திரன் திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான்.

"இவரு...?" என்றாள் ஆஞ்சலா.

"எங்க வீட்டுக்காரரு."

"காரியமெல்லாம் நல்லபடியா பண்ணீங்களா?" என்று சந்திரன் வேதநாயகியிடம் கேட்டான்.

"யாரு சொன்னது?" வேதநாயகி எழுந்துவிட்டாள். "எந்த நாறவாயி சொன்னது?"

ஆஞ்சலா விரலை வைத்துப் படித்தாள். "கீழ் வீட்டில் வசிக்கும் லட்சுமம்மா கூறியது. புருஷன் இறந்து ஆறு மாதம். வேதநாயகி துக்கம் தாங்காமல் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டார். இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது."

"லட்சுமம்மாவா! நேத்து ராத்திரி என் வீட்டுல கொழம்பு வாங்கினு போனாளே!" மேஜையில் ஒரு தட்டு தட்டினாள். பேனாக்கள் துள்ளின. "நாலு வருஷம் முன்னாடி குழுக் கடனுக்கு ஆளுங்க வந்து அவ வாசல்ல உக்காந்தப்ப யாரு காப்பாத்தினது? நான்தான். பொண்ணு பிரசவத்துக்கு கோலாருக்குப் போயிட்டா, எப்ப வருவான்னு தெரியாதுன்னு தெருமுனையிலயே நின்னு திருப்பி அனுப்பினேன். அவளுக்குப் பொண்ணே கெடயாது! அதுலேர்ந்துதான் எங்க தெருவுல அது சட்டமே ஆச்சு. ஷூ போட்டுக்கினு, பை மாட்டிக்கினு, கையில ஃபைலோட எவன் வந்து யாரக் கேட்டாலும், காலி பண்ணிட்டாங்கன்னுதான் சொல்லணும். நான்தான் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தேன்..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் குரலில் வேகம் குறைந்தது. எங்கேயோ ஏதோ இடித்தது.

"மொதல் தடவை வந்தப்பவும் இதே கதையா?" என்று சந்திரன் கேட்டான்.

ஆஞ்சலா பழைய ரிப்போர்ட்டை எடுத்தாள். "மொத ரெண்டு பேர் தெரியாதுன்னு சொல்லியிருக்காங்க. மூணாவது ஒரு லேடி. தெருமுனைக் குழாயில் கை கால் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண். புடவைக்கு மேல் ஆண்கள் அணியும் நீலச் சட்டை. முகம் முழுவதும் சிமெண்டு. பெயர் சொல்ல மறுத்துவிட்டார். வேதநாயகியைப் பற்றிக் கேட்டதற்கு அவர் கூறியது..." ஆஞ்சலா நிறுத்தினாள். நீலச் சட்டையைப் பார்த்தாள்.

"படிங்க" என்றான் சந்திரன். அவன் தோள் லேசாகக் குலுங்க ஆரம்பித்திருந்தது.

"அவர் கூறியது: அந்தப் பொம்பளையா, அவ எனக்கே பாக்கி வெச்சிட்டு ஓடிட்டா. கையில கெடச்சா சொல்லு, செருப்பால அடிக்கணும்."

வேதநாயகி உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கு நடந்தது அவளுக்குக் கண் முன்னால் வந்தது. மடிவாளாவில் பெரிய மோல்டு முடித்து, எலும்பு எலும்பாகக் கழன்று குழாயடிக்கு வந்திருந்தாள். கண்ணைத் திறந்தால் சிமெண்டு எரிந்தது. ஷூ தெரிந்தது. ஃபைல் தெரிந்தது. இங்கே வேதநாயகி வீடு எது என்று குரல் கேட்டது. அவ்வளவுதான். மூளையைக் கேட்காமல் வாய் தானாகச் சொல்லிவிட்டது. வேறு யாருக்காகவோ சொல்வது போல, அத்தனை அழகாக.

"யாரு வேதா அது?" என்றான் சந்திரன், கண்ணில் நீர் வழிய. "நம்ம தெருவுல அப்படி ஒருத்தி யாரு?"

"வாய மூடு."

அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவன் வந்தான். பை, ஃபைல், பளபளவென்று ஷூ. மேஜைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் நின்றான். விரலை நீட்டினான். "மேடம்! இவங்கதான்! அந்த மூணாவது சாட்சி!"

பிரஹ்லாத் என்று பெயர். மைசூர்ப் பக்கத்துக்காரன். கன்னடம் தூவிய தமிழ் பேசினான். ஆஞ்சலா விஷயத்தைச் சொன்னதும் ஃபைலில் இருந்த போட்டோவை எடுத்து வேதநாயகியின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தான். போட்டோவில் பவுடரும் பூவும். நேரில் சிமெண்டு. தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஏனம்மா இது? உங்கள நீங்களே ஓடிட்டான்னு சொல்வீங்களா?"

"நீ எதுக்கு வந்தேன்னு சொன்னியா? லோனு குடுக்க வந்திருக்கேன்னு ஒரு வார்த்த சொன்னா ஆவாதா?"

"சொல்லக்கூடாதம்மா. ஒருத்தரோட லோன் விஷயத்த அக்கம்பக்கத்துல சொல்லக்கூடாது. கம்பெனி ரூல்ஸ்."

"எங்க தெருவுலயும் ரூல்ஸ்தான்."

ஆஞ்சலாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். ஏசி அறைக்குள் இருந்த மானேஜர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, யாரும் சாகவில்லை என்று உறுதி செய்துகொண்டு கதவைச் சாத்திக்கொண்டார்.

சிரித்து முடித்ததும் ஆஞ்சலா கம்ப்யூட்டருக்குத் திரும்பி, பதினோரு காரணங்களையும் மேலிருந்து கீழாக நிதானமாகப் படித்தாள். ஏழாவதில் நின்றாள். புதுக் கடிதம் ஒன்றை அடித்து எடுத்து, தமிழில் சொன்னாள். "வருமானம் பற்றி முன்பு எழுதியது தவறு. வருமானம் போதுமானது. மேற்படி முகவரியில் குடியிருப்பது உறுதியாகாததால் மனு நிறுத்தப்பட்டது. மறுவிசாரணைக்குப் பின் முடிவு சொல்லப்படும். சரியாம்மா?"

"வருமானம் போதுமானது, அத இன்னொரு தடவ படி."

ஆஞ்சலா இன்னொரு தடவை படித்தாள்.

"இத அன்னிக்கே எழுதியிருந்தா நான் ஆடிட்டருக்கு ஏன் தண்டம் அழுவப் போறேன்? குழாயடியில மூஞ்ச கழுவிக்கினு நின்னிருப்பேன்."

சனிக்கிழமை காலை பிரஹ்லாத் மறுபடியும் வருவது என்று முடிவானது. ஆனால் அக்கம்பக்கத்தில் இரண்டு பேரை அவன் தனியாகத்தான் கேட்பான். வேதநாயகி வெளியே தலை காட்டக் கூடாது, வாய் திறக்கவும் கூடாது. ஆடி முடியப் பத்து நாள்தான் இருந்தது. கிளிஃபர்ட் அன்று சாயந்திரம் போன் செய்தார். ஓசூர்க்காரன் அட்வான்ஸோடு நிற்கிறான் என்றார்.

வேதநாயகி லட்சுமம்மாவோடு அன்றைக்குப் போட்ட சண்டை நாலு வீடு தள்ளிக் கேட்டது. லட்சுமம்மா கன்னடக்காரி. ஆனாலும் சண்டை மட்டும் தமிழில்தான் போடுவாள், அதில் வார்த்தை அதிகம் என்று. "நீ சொல்லிக் குடுத்ததுதானேடி! நான் என்ன புதுசாவா பண்ணேன்?"

"காலி பண்ணிட்டாங்கன்னு சொன்னா போதாதா? என் புருஷன ஏன் சாவடிச்சே?"

"சும்மா காலி பண்ணிட்டாங்கன்னா திரும்பத் திரும்ப வர்றாங்கடி. செத்துட்டாங்கன்னாதான் பேசாம போறாங்க. உனக்கு நல்லது பண்ணப்போய்..."

கடைசியில் இரண்டு பேரும் காபி குடித்தார்கள். சனிக்கிழமை ஒருவன் வருவான், அவனிடம் மட்டும் உள்ளதைச் சொல்லவேண்டும் என்று தெரு முழுக்கச் சொல்லி வைக்கப்பட்டது. இருந்தாலும் நாலு வருடப் பழக்கம். வாய் என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்?

சனிக்கிழமை பத்து மணிக்கு வேதநாயகி கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் இடுக்கில் காதை வைத்திருந்தாள். சந்திரன் சட்டை மாற்றி, விபூதி பூசி, உயிரோடு இருப்பது நன்றாகத் தெரிகிற மாதிரி பாயின் நடுவில் உட்கார்ந்திருந்தான். கீழே ஷூ சத்தம் வந்து நின்றது.

"அம்மா, வேதநாயகின்னு இங்க..."

வேதநாயகி காதை இடுக்கில் இன்னும் அழுத்தினாள்.

"யாரு நீங்க? எதுக்குக் கேக்கறீங்க?" லட்சுமம்மாவின் குரல், போலீஸ் ஸ்டேஷன் குரல்.

"சும்னே, சும்மா விசாரிக்க வந்திருக்கேன்."

"சும்னே எவன் ஷூ போட்டுக்கிட்டு வருவான்? காரணம் சொல்லு."

"காரணம் சொல்லக்கூடாதம்மா."

"அப்ப எனக்கும் தெரியாது. கொத்தில்லா."

வேதநாயகி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். இல்லையென்றால் ஜன்னலைப் பிய்த்துக்கொண்டு கத்தியிருப்பாள். போயிற்று. மூன்றாவது முறையும் போயிற்று. மிக்சர் ஓசூர் ரோட்டில் போவது அவளுக்குத் தெரிந்தது, மாலையோடு.

கீழே ஷூ இரண்டு அடி நடந்தது. நின்றது. திரும்பியது. பிரஹ்லாத் பெருமூச்சு விட்டது மாடிவரை கேட்டது.

"அம்மா, வாங்கறதுக்கு வரல. குடுக்கறதுக்குத்தான் வந்திருக்கேன். அவ்ளோதான் சொல்ல முடியும். என்னப் பாத்தா வசூல்காரன் மாதிரியா இருக்கு?"

"அச்சு அசல் அப்படித்தான் இருக்கே." ஆனால் லட்சுமம்மாவின் குரல் இளகிவிட்டது. "இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? மேல் வீடு. எட்டு வருஷமா இருக்கா. வாடகை அஞ்சாம் தேதி டாண்ணு குடுத்துடுவா. வாய் கொஞ்சம் ஜாஸ்தி, மனசு நல்லது. எழுதிக்கோ."

"அவங்க வீட்டுக்காரரு? போன வாரம் செத்துட்டார்னு சொன்னீங்களே?"

"இப்ப பரவாயில்ல" என்றாள் லட்சுமம்மா.

அதற்குப் பிறகு தெருவே திறந்துகொண்டது. எதிர்வீட்டு வீணா வேதநாயகி பெயர் போட்ட கேஸ் புத்தகத்தைத் தானே கொண்டுவந்து காட்டினாள். அது அவள் வீட்டில் எப்படி இருந்தது என்று பிரஹ்லாத் கேட்கவில்லை. ரேஷன் கடை உத்தமன் கடையைப் பூட்டிவிட்டு வந்து சாட்சி சொன்னான். இரண்டு பேர் போதும் என்று பிரஹ்லாத் கெஞ்சியும், ஒன்பது பேர் வரிசையில் நின்றார்கள். அவன் மாடிக்கு வந்தபோது சட்டை நனைந்திருந்தது. சந்திரனைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதினான். துவரம்பருப்பு மணக்கிற முந்திரி பிஸ்கட்டில் ஆறு தின்றான்.

செவ்வாய்க்கிழமை ஆஞ்சலா போன் செய்து வரச் சொன்னாள்.

"லோன் ஆயிடுச்சும்மா. ஆனா கேட்டது முழுசா இல்ல. இரண்டரை கேட்டீங்க, இரண்டு லட்சம்தான்." வேதநாயகி வாய் திறப்பதற்குள் கை காட்டி நிறுத்தினாள். "மீதிக்குக் காரணம் எழுதியிருக்கேன். லிஸ்ட்ல இல்ல, நானே அடிச்சேன். கேளுங்க. எங்க ஆள் போய் மெஷினப் பாத்தாரு. தகட்டுல வருஷம் சுரண்டியிருக்கு, பதினோரு வருஷத்துக்குக் குறையாது. டிரம்முல ரெண்டு இடத்துல வெல்டிங், மேல பெயிண்ட். லிஃப்டோட கம்பி மாத்தணும். அதனால அது இரண்டு லட்சத்துக்கு மேல பெறாது. அதுக்கு மேல குடுக்க முடியாது."

வேதநாயகி கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனால் இந்த முறை அது வேறு அச்சு என்று தெரிந்தது. நாலாக மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"கோவமாம்மா?" என்றாள் ஆஞ்சலா.

"எதுக்கு? இதுதாம்மா காரணம். கையில புடிக்கலாம்."

அங்கிருந்து நேராகக் கிளிஃபர்ட் ஒர்க்ஷாப். மிக்சருக்குப் புது மாலை போட்டிருந்தார். வேதநாயகி ஒன்றும் பேசாமல் கடிதத்தை அவரிடம் கொடுத்தாள். கிளிஃபர்ட்டுக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். முதல் வரியில் சிரித்தார். மூன்றாவது வரியில் கண்ணாடியை மாட்டினார். கடைசி வரியில் மாலையை விலக்கித் தகட்டைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"இதெல்லாம் யாரு எழுதினது?"

"பிரேசர் டவுன் பொண்ணு. உங்க சர்ச்சுதான்."

"வெல்டிங்கு சும்மா பலத்துக்குப் பண்ணது வேதாம்மா. மாதா சத்தியமா."

"சரிண்ணே. ஓசூர்க்காரருக்கு இதோட ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்துடறேன். அவரும் தெரிஞ்சிக்கட்டும்."

கிளிஃபர்ட் அரைமணி நேரம் மாதாவையும் பெட்ரோல் விலையையும் மாறி மாறிக் கூப்பிட்டார். இரண்டு லட்சத்து ஐயாயிரத்தில் முடிந்தது. லிஃப்டுக்குப் புதுக் கம்பி அவர் செலவு. மாலையைக் கழற்றப் போனவரைத் தடுத்து, "அது இருக்கட்டும், அதுக்கும் சேத்துத்தான் காசு" என்றாள்.

ஆடி கடைசி நாள் மிக்சரை டெம்போவில் கட்டி ஈஜிபுராவுக்கு இழுத்து வந்தார்கள். தெருவுக்குள் நுழையவில்லை. முனையிலேயே குழாய்க்குப் பக்கத்தில் நிறுத்தி, லட்சுமம்மா பூசணிக்காய் சுற்றி உடைத்தாள். சந்திரன் மிக்சரின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தான்.

அப்போதுதான் பின்னால் ஒரு குரல் கேட்டது. "ஏம்மா, இங்க லட்சுமம்மான்னு யாராவது இருக்காங்களா?"

புது ஆள். ஷூ. பை. ஃபைல்.

வேதநாயகிக்கு வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டாள். நிதானமாக அவனை மேலும் கீழும் பார்த்தாள். "எதுக்குக் கேக்கறீங்க? காரணம் சொல்லுங்க."

"அதெல்லாம் சொல்ல முடியாதும்மா."

"அப்ப அப்படி இங்க யாரும் இல்ல" என்றாள் வேதநாயகி.

பூசணிக்காய்ச் சிவப்பு வழிகிற கையைப் புடவையில் துடைத்தபடி லட்சுமம்மா அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பாவம், தங்கமான பொம்பளை" என்றாள். "போன மாசம்தான் செத்துப் போனா."